புது ஜீப்பில் பிரேக் சத்தம்: கேள்வி பதில்

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடை நீங்கியதிலிருந்து மலைநாட்டு வீதிகளில் புது ஜீப்கள் கூடிவிட்டன. ‘பிரேக் கத்துது’ என்ற கேள்வியும் கூடிவிட்டது. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். பஸ், லொறிகளின் காற்று பிரேக் பற்றி இங்கே கேட்க வேண்டாம், அது வேறு சங்கதி.

நுவரெலியாவிலிருந்து: வண்டி எடுத்து நாலு மாசம், 4,000 கிலோமீற்றர் ஓடியிருக்கு. விடியக்காலையில கேட்டைத் தாண்டுறதுக்குள்ள பிரேக் கீச்சுன்னு கத்துது. அஞ்சு நிமிசத்துல சரியாகிருது. ஏஜென்ட்கிட்ட கொண்டு போகவா?

வேண்டாம். டிஸ்க், அதாவது சில்லோடு சுற்றும் பிரேக் தட்டு, வார்ப்பிரும்பு. இரவுப் பனியில் அதன்மேல் மெல்லிய துரு படியும். முதல் ஐந்தாறு பிரேக்கில் பேட், அதாவது டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை, அதைச் சுரண்டி எடுக்கிற சத்தம்தான் அது. வண்டியைக் கழுவி அப்படியே நிறுத்தினாலும் இதே கதை. கழுவியதும் இருநூறு மீற்றர் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டி, ஈரத்தைக் காயவிட்டு நிறுத்துங்கள்.

பண்டாரவளையிலிருந்து: 6,500 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கு அண்ணே. காலை, மாலைன்னு இல்ல, டவுனுக்குள்ள மெதுவா வந்து நிப்பாட்டுற நேரமெல்லாம் விசில் மாதிரி சத்தம். பெரிய வண்டின்னா அப்படித்தான்னு கராஜ்ல சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை. பேட் டிஸ்க்கைப் பிடிக்கிறது, நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது. இது ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான தடவை நடந்தால் டிஸ்க் மணிபோல அதிர்ந்து பாடும். மெதுவாக, லேசாக மிதிக்கும்போதுதான் இந்தப் பிடி-நழுவல் அதிகம். இரண்டு தொன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு உலோகத்தூள் கலந்த கடினமான பேட் போடுவதும் வழக்கம். சூட்டைத் தாங்கும், சத்தமும் போடும். அதற்காக ஒன்றும் செய்ய முடியாது என்பதில்லை. இந்த வரிசையில் போங்கள்.

முதலில் சில்லின் துளைவழியாக டோர்ச் அடித்து பேட்டின் தடிப்பைப் பாருங்கள். புதிதில் 10 முதல் 12 மில்லிமீற்றர் இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். 6,500 கிலோமீற்றரில் அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தால் ஓட்டும் விதத்தில் கோளாறு, அதைக் கீழே சொல்கிறேன்.

தடிப்பு சரியென்றால் பேட்டை மறுபடி படியவையுங்கள். போக்குவரத்து இல்லாத நேரம், சமதரையில் 60இலிருந்து 15 கிலோமீற்றர் வேகத்துக்கு நிதானமாக, ஆனால் அழுத்தமாக மிதித்துக் குறையுங்கள். முழுதாக நிறுத்தக்கூடாது. அரை நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி. இப்படி எட்டுப் பத்துத் தடவை. பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு நிறுத்திப் பெடலை மிதித்தபடியே இருந்தால் பேட்டின் அச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பெடல் துடிக்கும். மலையில் இதற்குச் சமதரை கிடைப்பது கஷ்டம்தான். லேசான ஏற்றத்தில் செய்யலாம், இறக்கத்தில் செய்யவே கூடாது.

அதற்கும் அடங்காவிட்டால் கழற்ற வேண்டும். வாரன்டி இருக்கிறபடியால் ஏஜென்டிடமே செய்யச் சொல்லி, இவற்றைச் செய்தார்களா என்று கேளுங்கள்: பேட்டின் முதுகிலுள்ள மெல்லிய தகடு இடத்தில் இருக்கிறதா, பேட் உட்காரும் கிளிப்பில் துரு சுரண்டப்பட்டதா, பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கெலிப்பரின் வழுக்குப் பின்கள் கையால் தள்ளினால் நகர்கின்றனவா. வழுக்குப் பின்னுக்குச் சிலிக்கோன் கிறீஸ் மட்டும். சாதாரண கிறீஸ் பட்டால் ரப்பர் உப்பி அந்தப் பின் இறுகிவிடும். பேட்டின் இரண்டு முனைகளையும் 45 பாகையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அரத்தால் சாய்த்துவிட்டால் பெரும்பாலான விசில் அடங்கும். பிராடோ போன்ற வண்டிகளில் முன் கெலிப்பர் நகராது, இரு பக்கமும் பிஸ்டன். அங்கே வழுக்குப் பின் இல்லை, பேட்டைத் தாங்கும் பின்னையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள்.

பேட்டின் முகத்தில் கிறீஸோ எண்ணெயோ விரல்ரேகை அளவுகூடப் படக்கூடாது.

தலவாக்கலையிலிருந்து: துரு எடுக்கிற ஸ்ப்ரே அடிச்சா சத்தம் நிக்கும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரு.

சத்தம் நிற்கும். வண்டிதான் நிற்காது. டிஸ்க்கில் அடிக்கக் கூடியது பிரேக் கிளீனர் மட்டும்.

மஸ்கெலியாவிலிருந்து: ரிவர்ஸ் எடுக்கிறப்ப மட்டும் கத்துது.

பின்னோக்கிப் போகும்போது பேட் கிளிப்புக்குள் எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்காருகிறது. கிளிப் தளர்வில்லை என்றால் ஆபத்தில்லை.

ஹப்புத்தளையிலிருந்து: பிரேக் மிதிக்காமலே கரகரன்னு இரும்பு தேய்ற சத்தம். மிதிச்சா நிக்குது.

டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் சிறு கல் சிக்கியிருக்கலாம், கல் ரோட்டில் ஓடியிருந்தால் இதுதான் முதல் சந்தேகம். சில்லைக் கழற்றித் தகட்டை விரலால் ஒரு மயிரிழை வளைத்தால் விழுந்துவிடும். கல் இல்லையென்றால் பேட் தேய்ந்து எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசுகிறது. அப்படியானால் இன்றைக்கே மாற்றுங்கள், அடுத்த சம்பளம் வரை தள்ளாதீர்கள்.

ஹட்டனிலிருந்து: கினிகத்தேனைப் பக்கம் இறங்கி முடிக்கிறப்ப ஒரு கருகல் வாசம். அதுக்கப்புறம்தான் சத்தமே ஆரம்பிச்சுச்சு சார்.

பேட்டின் முகம் சூட்டில் கண்ணாடிபோல் பளபளத்துவிட்டது. 120 இலக்க அரத்தாளைச் சமமான பலகையில் வைத்துத் தேய்த்தால் மேற்பூச்சு போகும். வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும். தேய்க்கும்போது தூசியைக் காற்றால் ஊதாதீர்கள், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். ஆனால் கருகியதற்குக் காரணம் பேட் அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு 2,500 கிலோ வண்டி நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு ஏறத்தாழ 1,400 மீற்றர் இறங்குகிறது. அந்த இறக்கம் கொடுக்கும் சக்தி 34 மெகாயூல். 2,000 வொட் கேத்தலை நாலே முக்கால் மணி நேரம் விடாமல் கொதிக்க வைக்கிற சூடு அது. காற்றும் எஞ்சினும் தின்றது போக மீதி முழுக்க நாலு டிஸ்க்கில்தான் இறங்க வேண்டும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஓட்டோ கியர் என்றால் கையால் இரண்டுக்கோ மூன்றுக்கோ குறையுங்கள், ‘டி’யில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். பிரேக்கை உரசிக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, மறுபடி அழுத்துங்கள். இன்னொன்று: இறக்கத்துக்கென்று இருக்கிற பொத்தானும் பிரேக்கைத்தான் பாவிக்கிறது. அது கரடுமுரடான, மெதுவான இறக்கத்துக்கு, தார் ரோட்டில் மணிக்கணக்கில் ஓட அல்ல.

பிரேக் ஒயிலையும் பாருங்கள். டொட் 3 என்ற தரத்து ஒயில் புதிதாக 205 பாகை செல்சியஸில் கொதிக்கும், ஈரம் குடித்தபின் 140. டொட் 4 என்றால் 230, 155. கொதித்தால் குமிழி வரும், பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கொத்மலையிலிருந்து: கியர்ல இறங்கச் சொல்றீங்க. நான் இருபது வருசமா நியூட்ரல்ல விட்டுத்தான் இறங்குறேன். டீசல் எவ்வளவு மிச்சம்னு கணக்கு வச்சிருக்கேன். 2022ல கியூஆர் கோட்டுல வாரக் கணக்குக்கு டீசல் வாங்கின ஆளுக்குத் தெரியும்.

அந்தக் கணக்கு பிழை ஐயா. கியரில் இருந்து அக்ஸிலேட்டரை விட்டால் இன்றைய எஞ்சின் எரிபொருளை முழுதாக நிறுத்திவிடும், சில்லே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடித்தே ஆக வேண்டும், பெரிய டீசல் எஞ்சினுக்கு மணிக்கு அரை லீற்றருக்கு மேல். நீங்கள் மிச்சம் பிடிக்கவில்லை, கூடுதலாகச் செலவழிக்கிறீர்கள்.

அதே கொத்மலை ஐயா: பழைய வண்டிக்கெல்லாம் இதைத்தானே எல்லா டிரைவரும் செஞ்சாங்க? எல்லாரும் முட்டாளா?

முட்டாள் இல்லை. காபரேட்டர் பெற்றோல் வண்டிக்கு அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதும் அது பெற்றோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பழைய டீசல் பம்புக்குக்கூட அந்த நியாயம் இல்லை, அதிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலை நிறுத்திவிடும். பழக்கம் மட்டும் எஞ்சினை மாற்றும்போது மாறவில்லை.

வட்டவளையிலிருந்து: கொத்மலை ஐயா சொல்றது சரிதான் அண்ணே. நான் சாவியவே நிப்பாட்டி இறங்குவேன், அப்ப டீசல் பூச்சியம்.

தம்பி, இதற்கு மரியாதையாகப் பதில் சொல்வது கஷ்டம். எஞ்சின் நின்றால், உங்கள் மிதிக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகும், ஸ்டீயரிங்கும் கனக்கும். சாவியைத் தவறிக் கடைசிவரை திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். வளைவில் அது என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நானுஓயாவிலிருந்து: காலையில மட்டும் கீச்சுன்னு...

முதல் கேள்வி.

பதுளையிலிருந்து, ஒரு தங்கச்சி: எங்களுடையது ஹைபிரிட். பிரேக்கே குறைவாகத்தான் பாவிக்கிறோம், ஆனாலும் சத்தம். எப்படி?

குறைவாகப் பாவிப்பதுதான் காரணம். வேகத்தை மோட்டாரே குறைப்பதால் டிஸ்க் சும்மா இருந்து துருப்பிடிக்கிறது. வாரத்தில் ஒருநாள், பின்னால் வண்டி இல்லாதபோது, 50இலிருந்து நாலைந்து தடவை அழுத்தமாக மிதியுங்கள். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிறைந்தால் மோட்டாரின் உதவி குறையும், அப்போது கியரை ‘B’யில் போட்டு (நிறுத்தி வைக்கும் ‘P’ அல்ல) எஞ்சினைப் பாவியுங்கள். பின் பிரேக் கழற்றுவதென்றால், மின் கைப்பிரேக் இருந்தால் சர்விஸ் நிலைக்கு மாற்றாமல் பிஸ்டனைத் தள்ள விடாதீர்கள், கைப்பிரேக்கின் மோட்டார் உடையும்.

கண்டியிலிருந்து: கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடையில வாங்கின பேட் போடலாமா? டிஸ்க்கை லேத்துல கடையணுமா?

போடலாம், பேட்டின் விளிம்பைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதலாவது சாதாரண சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிக சூட்டில். ‘எஃப்’ என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45, ‘ஜி’ அதற்கு மேல், ‘இ’ அதற்குக் கீழ். மலைக்கு இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் குறையக்கூடாது. எழுத்தே இல்லாத பேட்டைத் தொடாதீர்கள். செராமிக் பேட் சத்தம் குறைவு, தூசி குறைவு. கடைவது பெடல் துடிப்பதற்கு மருந்து, கீச்சுக்கு அல்ல. புது டிஸ்க்கைக் கடைந்தால் சூடு தாங்கும் இரும்பைத்தான் இழக்கிறீர்கள். குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

ராகலையிலிருந்து: கொஞ்சமா எண்ணெய்...

இல்லை.

மறுபடி கொத்மலை ஐயா: சரி, ரெண்டாங்கியர்ல இறங்கிப் பார்த்தேன். இப்ப பிரேக் கத்தல, எஞ்சின் கத்துது!

கத்தட்டும் ஐயா. 3,000 சுற்றில் டீசல் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, முள் சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.