ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கிலக் கட்டுரைக்கு மாதிரிக் கட்டுரைகளைப் பாடமாக்கலாமா?

கேள்வி: மகள் லண்டனில் ஆண்டு 10 படிக்கிறாள். ஆங்கிலம் கதைப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஜி.சி.எஸ்.ஈ. (ஆண்டு 11 முடிவில் எழுதும் பொதுப் பரீட்சை) ஆங்கில மொழித் தாளின் கட்டுரைக் கேள்விக்கு 40க்கு 18, 20 என்றுதான் புள்ளி வருகிறது. ரியூசனில் பத்து மாதிரிக் கட்டுரைகளைக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்கிறார்கள். அது உதவுமா? எங்களுக்கு ஆங்கிலம் பெரிதாக ஓடாது. வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

பாடமாக்க வேண்டாம். அந்த நேரத்தைத் திட்டம் போட்டுப் பழகுவதில் செலவிடச் சொல்லுங்கள். ஆங்கிலம் ஓடாத பெற்றோர் அதற்கு நன்றாகவே உதவலாம், அதுவும் தமிழிலேயே.

முதலில் பள்ளிக்கூடம் எந்தப் பரீட்சைச் சபையின் தாளை எழுதுகிறது என்று கேட்டு வையுங்கள். ஏ.கியூ.ஏ., எடெக்ஸெல், எட்யூகாஸ், ஓ.சி.ஆர். எல்லாம் ஒன்றல்ல. உதாரணமாக எட்யூகாஸின் இரண்டாம் தாளில் 20 புள்ளிக்கு ஒன்றாக இரண்டு சிறிய எழுத்து வேலைகள் வரும். 40 புள்ளிக்கு ஒரே கட்டுரை என்று நீங்கள் சொல்வதால், பல பள்ளிகள் எழுதும் ஏ.கியூ.ஏ. தாளை வைத்தே சொல்கிறேன். எடெக்ஸெல் என்றாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஏ.கியூ.ஏ. ஆங்கில மொழிக்கு இரண்டு தாள்கள். ஒவ்வொன்றும் 1 மணி 45 நிமிடம், 80 புள்ளி. இரண்டிலும் ஐந்தாவது கேள்விதான் எழுத்து வேலை, அதற்கு மட்டும் 40. அதாவது மொத்தப் புள்ளியில் சரிபாதி இந்த இரண்டு கேள்விகளில் இருக்கிறது. முதல் தாளில் வர்ணனை அல்லது கதை. இரண்டாம் தாளில் ஒரு கருத்தைக் கொடுத்து, அதைப் பற்றி உன் நிலைப்பாட்டைக் கடிதமாகவோ பேச்சாகவோ பத்திரிகைக் கட்டுரையாகவோ எழுது என்பார்கள். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இந்த இரண்டாவதில்.

அந்த 40ஐ இரண்டாகப் பிரித்துத்தான் திருத்துவார்கள். உள்ளடக்கத்துக்கும் ஒழுங்கமைப்புக்கும் 24. எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி, வசன அமைப்பு, சொல்வளம் ஆகியவற்றுக்கு 16. ஒவ்வொன்றிலும் நான்கு படிகள் உண்டு. இரண்டாம் படி முதலாவதில் 12ஓடும் மற்றதில் 8ஓடும் முடிகிறது. கூட்டினால் 20. ஆக, உங்கள் மகள் இரண்டாம் படியின் உச்சியில் நிற்கிறாள். அந்தப் படிக்குப் புள்ளித்திட்டம் சொல்லும் விளக்கத்தின் சாரம், 'சில இடங்களில் கைகூடியிருக்கிறது' என்பது. மூன்றாம் படிக்கு எதிர்பார்ப்பது தெளிவு, அதுவும் தொடக்கம் முதல் முடிவு வரை குலையாத தெளிவு. இந்த இடைவெளியை அருஞ்சொற்களால் நிரப்ப முடியாது. ஒவ்வொரு பந்தியும் எதற்காக அங்கே இருக்கிறது என்று எழுதுகிற பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாடமாக்கிய கட்டுரை தோற்பதும் இங்கேதான். இப்படி ஒரு கருத்து வருகிறது என்று வையுங்கள்: 'பாடசாலைகளில் கைபேசியை முற்றாகத் தடை செய்ய வேண்டும். பாதுகாப்புக்கு என்று சொல்லும் பெற்றோர், தங்கள் பயத்தைத்தான் பிள்ளையின் பைக்குள் வைத்து அனுப்புகிறார்கள்.' கைபேசியின் நன்மை தீமைகளைப் பாடமாக்கிய பிள்ளை முதல் வசனத்துக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு வந்துவிடும். பெற்றோரின் பயம் என்ற இரண்டாம் பாதியைத் தொட்டிருக்காது. கேள்வியின் சுவையே அந்தப் பாதியில்தான். பந்தி பந்தியாக ஒப்புவித்த நடைக்கும் பிள்ளையின் சொந்த நடைக்கும் ஒட்டுப்போட்ட இடமும் திருத்துபவரின் கண்ணில் உடனே படும்.

சரி, திட்டம். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு 45 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 7 நிமிடம் திட்டத்துக்கு, 32 நிமிடம் எழுத, 6 நிமிடம் சரிபார்க்க. பிள்ளைகள் திட்டம் என்று கேள்வியைச் சுற்றிச் சிலந்திவலை வரைந்து பதினைந்து சொற்களை எழுதி வைப்பார்கள். அதில் எது முதலில், எது அடுத்து என்பது இருக்காது. அதனால் நடுக் கட்டுரையில் சொன்னதையே திரும்பச் சொல்லத் தொடங்குவார்கள். சொற்களுக்குப் பதில் ஐந்து முழு வசனங்கள் எழுதச் சொல்லுங்கள், பந்திக்கு ஒன்று. முதலில் எழுத வேண்டியது கடைசிப் பந்தியின் வசனம். போய்ச் சேரும் இடம் தெரிந்துவிட்டால் வழி தவறாது.

மேலே சொன்ன கைபேசிக் கேள்விக்கு அப்படி ஒரு திட்டம். ஐந்தாவது: பயத்தைக் கேலி செய்வதை விட்டு, கைபேசியை வகுப்பில் பூட்டி வைத்து வாசலில் திருப்பிக் கொடுக்கும் ஒரு விதியைப் பாடசாலை போடலாம். முதலாவது: டிசம்பரில் மாலை 4 மணி, இருட்டிவிட்டது, பஸ் வரவில்லை, பிள்ளை தனியே தரிப்பிடத்தில் நிற்கிறது. இரண்டாவது: வகுப்பறையில் கைபேசி கவனத்தைக் கெடுக்கிறது என்பது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது: ஆனால் தடை கேட்பவர்கள் பார்ப்பது பாடசாலை நேரத்தை மட்டும், பெற்றோர் பயப்படுவது வழியை நினைத்து. நான்காவது: முற்றான தடை போட்டால் பிள்ளைகள் ஒளித்துக் கொண்டுவருவார்கள், ஆசிரியரின் நேரம் பையைச் சோதிப்பதில் போகும்.

இந்த ஐந்தையும் எழுதிவிட்ட பிள்ளை கட்டுரையின் கடினமான பாதியை முடித்துவிட்டது. இதில் ஆங்கிலம் எங்கே வந்தது? இவ்வளவும் சாப்பாட்டு மேசையில் தமிழில் கதைக்கக்கூடியவை. பத்திரிகையிலோ செய்தியிலோ கண்ட ஒரு கருத்தை எடுத்துப் போடுங்கள். மூன்று கேள்விகள் போதும். இதை யார் மறுப்பார்கள்? அவர்கள் சொல்வதில் எது நியாயம்? நீ இதை எங்கே கண்ணால் பார்த்தாய்? மூன்றாவது கேள்வியை விடவே விடாதீர்கள். பிள்ளை 'எல்லாருக்கும் தெரியும்' என்று நழுவினால், 'எங்கே பார்த்தாய், சொல்லு' என்று திரும்பக் கேளுங்கள். சொந்தக் கண்ணால் கண்டது கட்டுரைக்குள் வரும்போதுதான் எழுத்துக்கு உயிர் வருகிறது.

அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் செய்வது கற்பனைப் புள்ளிவிவரம். '87 சதவீத மாணவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்' என்று எழுதி, கூடவே பெயரில்லாத ஒரு பேராசிரியரையும் கொண்டுவருவார்கள். 'டாஃபாரெஸ்ட்' என்ற நினைவுச் சொல்லை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வாசகரை நேரடியாக விளிப்பது, மோனை, உண்மை, கருத்து, வினா, உணர்ச்சிச் சொல், புள்ளிவிவரம், மூன்றடுக்கு (மூன்றை அடுக்கிச் சொல்வது) என்று உத்திகளின் பட்டியல் அது. பட்டியல் தவறில்லை. ஒவ்வொன்றையும் கட்டாயம் ஒருதரம் போட்டாக வேண்டும் என்று எழுதும்போதுதான் கட்டுரை கடைச்சாமான் துண்டு போல ஆகிறது. ஒரு கேள்வி வசனம், ஒரு மூன்றடுக்கு, இரண்டும் சரியான இடத்தில் விழுந்தால் தாராளம்.

'ப்ளெதரா', 'மிரியட்' (இரண்டுக்கும் ஏராளம் என்று பொருள்) போன்ற சொற்களும் அப்படித்தான். ரியூசன் தாள்களில் இவை பிரியமான சொற்கள். பெரிய பெயர்ச்சொற்களைத் தேடுவதைவிட வினைச்சொல்லைக் கூராக்கப் பழகுவது நல்லது. 'வோக்ட்' (நடந்தாள்) என்று எழுதிய இடத்தில் 'ட்ரட்ஜ்ட்' (காலை இழுத்து இழுத்து நடந்தாள்) என்றால், களைத்த கால் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது மற்ற 16. இரண்டு தாளிலும் சேர்த்தால் 32, அதாவது முழுப் பாடத்தின் ஐந்தில் ஒரு பங்கு. 'கெயர்லெஸ் மிஸ்டேக்' என்று ஒதுக்கிவிடக்கூடிய தொகை இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் அதிகம் காண்பது, முற்றுப்புள்ளி வர வேண்டிய இடத்தில் காற்புள்ளி போடுவது. 'தி பஸ் வோஸ் லேட், ஐ மிஸ்ட் தி டெஸ்ட்' என்று எழுதும். வாயால் சொல்லும்போது இரண்டும் ஒரே மூச்சில் வருவதால் பிழை காதுக்குக் கேட்காது. ஆங்கில எழுத்தில் இவை இரண்டு முழு வசனங்கள். நடுவில் முற்றுப்புள்ளி, அல்லது அரைப்புள்ளி, அல்லது காற்புள்ளியோடு 'சோ' வேண்டும். அடுத்தது, கதையின் நடுவில் இறந்தகாலம் நிகழ்காலமாக மாறிவிடுவது. அண்மையில் இந்த நாட்டுக்கு வந்த பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு: தமிழில் 'ஏ', 'தி' போன்ற சிறு சொற்கள் இல்லாததால் அவை விடுபடும். இவர்கள் பெயர்ச்சொற்களுக்கு அடியில் மட்டும் கோடிட்டு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கொப்பியைப் பிழைக்கென்றே ஒதுக்குங்கள். திருத்தி வந்த ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும் மூன்று பிழைகள் மட்டும் அதற்குள் போக வேண்டும்: எழுதிய வசனம், சரியான வசனம், ஏன் என்று ஒரு வரி. இருபதையும் எழுதச் சொன்னால் இரண்டாம் வாரமே கொப்பி மூடிவிடும். சரிபார்க்கும் 6 நிமிடத்தில் கட்டுரையைக் கடைசி வசனத்திலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். முன்னிருந்து வாசித்தால் மனம் கருத்தோடு ஓடிப் பிழையைத் தாண்டிவிடும். பின்னிருந்து வாசித்தால் ஒவ்வொரு வசனமும் தனியே நிற்கும், எங்கே முடிகிறது என்பது தெரியும்.

வாரத்துக்கு என்ன செய்யலாம் என்றால், 7 நிமிடத் திட்டம் மூன்று, வேறு வேறு தலைப்புகளில். அவற்றில் ஒன்றிலிருந்து ஒரு பந்தியை மட்டும் 10 நிமிடத்தில் எழுதி, அடுத்த நாள் அதே பந்தியைத் திரும்ப எழுத வேண்டும். முழுக் கட்டுரை இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும், மணிக்கூட்டை வைத்து. வாரம் ஒரு முழுக் கட்டுரை எழுதியும் முன்னேறாத பிள்ளைகள் பலர். திருத்தி வந்ததைத் திரும்ப எழுதாமல் புதிய தலைப்புக்குத் தாவுவதே காரணம், பழைய பிழைதான் இன்னும் உறுதியாகிறது. அதோடு வாரம் ஒரு பத்திரிகைக் கருத்துக் கட்டுரை, கார்டியன் போன்றவற்றில் இணையத்தில் கிடைக்கும். வாசித்துவிட்டு ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் அது என்ன வேலை செய்கிறது என்று பென்சிலால் எழுதட்டும்: 'ஒப்புக்கொள்கிறார்', 'திருப்புகிறார்', 'உதாரணம்'.

முதல் தாளின் கதைக்கு ஒன்றே ஒன்று. இரண்டு பேர், ஓர் இடம், கால் மணி நேரத்துக்குள் நடப்பது. அதற்குமேல் 45 நிமிடத்தில் கொள்ளாது. விபத்து, கொலை, கடைசியில் கனவு என்று விழித்தெழுவது எல்லாம் வேண்டாம்.

நீளத்தைப் பற்றியும் பிள்ளைகள் கவலைப்படுவார்கள். கையெழுத்தில் இரண்டு, இரண்டரைப் பக்கம் நன்றாக இருந்தால் போதும். நான்கு பக்கம் எழுதும் பிள்ளைக்குச் சரிபார்க்க நேரம் இருக்காது. இரண்டாம் தாளில் முதல் நான்கு கேள்விகளுக்கு 4, 8, 12, 16 என்று புள்ளி. 8 புள்ளிக் கேள்வியில் 20 நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கட்டுரைக்கு 25 நிமிடத்தோடு வருவது அடிக்கடி நடக்கிறது. உங்கள் மகளும் அப்படி என்றால், தாளில் வாசிக்கத் தந்த இரண்டு உரைப்பகுதிகளையும் வாசித்தவுடன் ஐந்தாவது கேள்வியை முதலில் எழுதிப் பார்க்கட்டும். அந்தப் பகுதிகளும் கட்டுரைத் தலைப்பை ஒட்டியே இருக்கும் என்பதால் யோசனைக்கு உதவும், வசனங்களை மட்டும் எடுத்து எழுதக் கூடாது. இந்த ஒழுங்கு அவளுக்குச் சரிவருமா என்பதை ஆண்டு 11இன் மாதிரிப் பரீட்சைக்கு முன்னரே, வீட்டில் இரண்டு பழைய தாள்களில் பார்த்துவிடுங்கள். ஏ.கியூ.ஏ. இணையத்தளத்தில் பழைய தாள்களும் புள்ளித்திட்டமும் இலவசமாக இருக்கின்றன.