துணியா டயப்பரா? முதலில் கொடி கட்ட இடம் பாருங்கள்

தங்கச்சி, அம்பாசமுத்திரத்திலிருந்து மியூனிக் வந்து மாதம் ஒன்றுதான் ஆகிறது, வயிற்றில் ஏழு மாதம், அம்மா வரும்போது பழைய வேட்டி கிழித்துக் கொண்டுவரட்டுமா, டயப்பரே போதுமா, எந்தக் கம்பெனி நல்லது, தள்ளுவண்டி எங்கே வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

கம்பெனி எதுவானாலும் சரிதான். டிஎம், ராஸ்மன் கடைகளின் சொந்தச் சரக்கே போதும். தள்ளுவண்டி பழசு வாங்கிக்கொள்ளுங்கள்.

துணி விஷயத்தில் பார்க்க வேண்டியது காயப்போடும் இடம். பச்சைப்பிள்ளை ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை நனைக்கும். நம்மூர்ப் பங்குனி வெயிலில் கொடியில் போட்டுவிட்டு உலை வைத்து இறக்குவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். இங்கே நவம்பரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் போட்டால் ஈரமெல்லாம் சுவரில் ஏறி, மூலையில் கறுப்பாய்ப் பூசணம் பிடிக்கும். எங்கள் முதல் வீட்டுக்காரர் பூசணத்துக்கு என்று அட்வான்சில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் இடுக்கில் மழைத்தண்ணீர் கசிவதை எத்தனை தடவை சொன்னோம்! காதிலேயே வாங்கவில்லை. அதனால் கீழ்த்தளத்தில் துணி காயப்போடப் பொது அறை உண்டா என்று இன்றைக்கே விசாரியுங்கள்.

அப்புறம் தண்ணீர். இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். தாமிரபரணியில் அலசிப் பழகிய கைக்கு, இங்கே துவைத்த துணி அட்டை மாதிரி இருக்கும். சோப்புத்தூள் பெட்டியில் கடினநீருக்கு என்று போட்டிருக்கும் அளவைப் போட்டு, 60 டிகிரியில் துவையுங்கள். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் மட்டும் வேண்டாம். ஊற்றினால் துணி ஈரத்தை உறிஞ்சாது. இரவு பத்து மணிக்கு மேல் மெஷினை ஓட்டாதீர்கள், மறுநாள் கதவில் சீட்டு ஒட்டியிருக்கும்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கூட்டம் வீடியோ பார்த்துப் பூப்போட்ட துணி டயப்பராக வாங்கிக் குவிக்கும், பிள்ளை குப்புற விழுவதற்குள் அதை விற்க ஆள் தேடும். இன்னொரு கூட்டத்துக்குத் துணி கட்டினாலே பட்டிக்காடு. ஜெர்மன்காரிகள் பெருமையாகத் துணி கட்டுகிறார்கள், சில ஊர் நிர்வாகங்கள் அதற்கு மானியமே தருகின்றன, இது இவர்கள் கண்ணில் படாது. சுற்றுச்சூழல் பேசுகிறவர்களும் உலர்த்தும் மெஷினை எந்நேரமும் ஓட்டினால் துணியின் லாபம் கரைந்துவிடும். பிரிட்டனில் 2008இலேயே ஆய்வு செய்து சொல்லிவிட்டார்கள்.

நான் பகலில் துணி, ராத்திரிக்கும் வெளியே போகவும் டயப்பர் என்று வைத்துக்கொண்டேன். வேட்டித்துணியை முக்கோணமாக மடித்து, முனையை அரைஞாண் கயிற்றில் செருகி, மேலே கம்பளி ஜட்டி ஒன்று. ஆட்டுரோமக் கொழுப்பு ஏற்றிய கம்பளி, ஈரத்தை லேசில் வெளியே விடாது. வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவச்சி அரைஞாணைப் பார்த்து அசந்துபோய், அவிழ்த்து மறுபடி கட்டிக் காட்டச் சொன்னார். அவருக்கான செலவைக் காப்பீடு கொடுத்துவிடும். இங்கே ஹெபாமே என்பார்கள். இப்போதே பிடித்து வையுங்கள், கடைசி நேரத்தில் ஆள் கிடைப்பது பாடு.

அம்மா பவுடர் டப்பாவோடு வருவார்கள். அதைப் பிள்ளைக்குக் கொட்ட விடாதீர்கள், தூசி மூச்சில் போகும். துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காற்றாட விட்டாலே போதும். எங்கள் வீரவநல்லூர் ஆச்சி அப்படித்தான், பிள்ளையை வெறும் குண்டியோடு தார்சாவில் துணி விரித்துப் போட்டுவிட்டு அங்கணத்தில் உட்கார்ந்து அலசுவாள். சாயங்காலம் காய்ந்த துணிக்குச் சாம்பிராணிப் புகை காட்டித்தான் மடிப்பாள். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கொடி கட்டுவாள், துணியெல்லாம் புகைவாடை அடிக்கும். யார் முகம் சுளித்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

அம்மாவிடம் நாலு பழைய வேட்டி போதும் என்று சொல்லுங்கள், கரையைக் கிழித்து எடுத்துவிட்டு. பெட்டியில் மிச்ச இடத்துக்கு உடன்குடிக் கருப்பட்டி. லேகியம் கிண்ட வேண்டாமா? இங்கே கடையில் கருப்பட்டி என்று நான் வாங்கியதெல்லாம் வெறும் சீனி இனிப்புதான்.