ஐபேடை நிஜமாகவே ஜெயித்திருக்கக்கூடிய டேப்லெட் என்று ஏதாவது இருந்ததா?

இருந்தது. ஹெச்பி டச்பேட். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் அப்போது வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஆனால், ஐபேடை விட நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது இது ஒன்றில்தான்.

2011 ஜூலை 1 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நான் அப்போது அங்கே இருந்தேன். 16 ஜிபி 499 டாலர். ஐபேட் 2-ம் அதே 499. என் கணக்கில் அந்த இடத்திலேயே தோற்றுவிட்டார்கள். கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் ஐபேடை விடத் தடிமன், கனமும் அதிகம். பின்பக்கம் பளபளவென்று கறுப்பு பிளாஸ்டிக், தொட்ட இடமெல்லாம் கைரேகை. ஆப்களோ மிகக் குறைவு. அதே காசுக்கு இதை யார் எடுப்பார்கள்? வாங்க ஆள் இல்லாத கருவிக்கு ஆப் எழுத யாரும் வரமாட்டார்கள். ஆப் இல்லாததை யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

டச்பேடில் ஓடிய இயங்குதளத்தின் பெயர் வெப்ஓஎஸ். 49ஆவது நாள், ஆகஸ்ட் 18 அன்று, இனி வெப்ஓஎஸ் கருவிகளே கிடையாது என்று ஹெச்பி அறிவித்தது. அந்த வெப்ஓஎஸ்ஸுக்காகத்தான் பாம் நிறுவனத்தை 120 கோடி டாலருக்கு வாங்கியிருந்தார்கள். வாங்கி ஓராண்டு சொச்சம்தான் ஆகியிருந்தது. அந்த வாரக் கடைசியிலேயே விலை 99 டாலருக்கு இறங்கியது. மூன்று கடை ஏறி இறங்கித்தான் எனக்கு ஒன்று கிடைத்தது. வேண்டாம் என்று ஒதுக்கியவர்களே அன்று தேடி அலைந்தார்கள். நவம்பரில் அமேசானின் கிண்டில் ஃபயர் டேப்லெட் 199 டாலருக்கு வந்து நன்றாக விற்றதைப் பார்த்தபோது, இவர்கள் விலையை முதலிலேயே இறக்கியிருக்கலாமே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அப்படி அதில் என்ன இருந்தது? ஒரு மின்னஞ்சலைப் பாதி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், நடுவில் வேறு எதையோ பார்க்க வேண்டும். கீழ் விளிம்பிலிருந்து விரலை மேலே இழுத்தால் அந்த மின்னஞ்சல் ஒரு சீட்டாகச் சுருங்கி நிற்கும். திறந்து வைத்த மற்றவையும் பக்கத்தில் சீட்டுகளாக இருக்கும். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். வேண்டாததை மேலே சுண்டினால் மூடிவிடும். மின்னஞ்சலில் உள்ள சுட்டியைத் தொட்டால், திறக்கும் பக்கம் அதே சீட்டோடு அடுக்காக உட்காரும். எது எதிலிருந்து வந்தது என்று குழம்பவே குழம்பாது. அன்றைய ஐபேடில் ஹோம் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் கீழே ஐகான் வரிசை வரும், அவ்வளவுதான்.

இந்தச் சீட்டு முறை 2009-இல் பாம் பிரீ போனிலேயே வந்துவிட்டது. அதன் வடிவமைப்பை நடத்திய மத்தியாஸ் துவார்த்தே 2010-இல் கூகுளுக்குப் போனார். பிறகு ஆண்ட்ராய்டிலும் ஆப்களைச் சுண்டி மூடும் வசதி வந்தது. ஐபோனில் ஆப்பை மேலே தள்ளி மூடுவது 2013-இல், கீழிருந்து விரலை இழுப்பது 2017-இல். வெப்ஓஎஸ் இப்போது எல்ஜி டிவிகளில் ஓடுகிறது.

அப்புறம், டச்பேடில் ஆண்ட்ராய்டையும் போட்டுக்கொள்ளும் வழியை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். நானும் போட்டேன், வெப்ஓஎஸ்ஸை அழிக்காமல். ஏதாவது ஆப் வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டில் ஏற்றுவேன். படிக்கவும் கடிதம் எழுதவும் கடைசி வரை வெப்ஓஎஸ்தான்.