லேப்ரடாருக்கு 20 நிமிட நடை போதுமா?

கேள்வி: எங்கள் வீட்டு லேப்ரடாருக்கு இரண்டு வயது. தினமும் காலையில் 20 நிமிடம் வெளியே கூட்டிச் செல்கிறோம். இருந்தும் மாலையானால் செருப்பைக் கடித்துக் குதறுகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உடற்பயிற்சி தேவை?

பதில்: நோய்நொடி இல்லாத இரண்டு வயது லேப்ரடாருக்கு 20 நிமிடம் நிச்சயமாகப் போதாது. வேட்டையில் விழுந்த பறவைகளைத் தேடி எடுத்துவருவதற்கென்றே பழக்கப்பட்ட இனம் இது. காலை, மாலை என இரு வேளையாகப் பிரித்து, மொத்தம் ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை கொடுக்கலாம். ஆனால் இந்த அளவை ஒரே நாளில் எட்ட முயலாமல், சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

நேரத்தைக் காட்டிலும், அந்த நேரத்தில் நாய் என்ன செய்கிறது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். கயிற்றைப் பிடித்து இழுத்தபடி வேகமாக நடத்திச் சென்றால் கால்கள் மட்டுமே உழைக்கும். மூளைக்கு வேலை இராது. ஒரு மரத்தடியில் நாய் நின்று மோப்பம் பிடிப்பதைக் கூர்ந்து பாருங்கள்: மூக்குத் துளைகள் படபடவென விரிந்து சுருங்கும், வெளிவிடும் காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே போய்விடுவதால், முன்னாலிருக்கும் வாசனை கலையாமல் இருக்கும். அவ்வளவு நுட்பமான வேலையைச் செய்யும் நாயை 'வா, வா' என்று அவசரப்படுத்துவது எனக்கு வருத்தம் தருகிறது. இரு நடைகளில் ஒன்றையாவது அதன் போக்கில் விட்டுவிடுங்கள். வீட்டிலும் தின்பண்டத்தை ஒளித்துவைத்துத் தேடவிடலாம்.

பந்தை ஓயாமல் எறிந்து ஓடவிடுவதைச் சிறந்த பயிற்சி என்று பலர் நம்புகிறார்கள். சிறிது நேரம் என்றால் தவறில்லை. ஆனால் திடீரென நிற்பதும் சட்டென்று திரும்புவதும் மூட்டுகளுக்குச் சுமையாகும், அதிலும் இடுப்பு மூட்டுக் கோளாறு வரக்கூடிய லேப்ரடார் போன்ற இனங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

நாய் தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைப்பதன் மூலமே தணித்துக்கொள்கிறது என்பதால், வெயில் நேரத்தில் ஓடவிடவே கூடாது. தரையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில நொடிகள்கூடத் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதங்களும் தாங்கா. பக், புல்டாக் போன்ற தட்டைமூக்கு நாய்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அவற்றுக்குக் குறுகிய, நிதானமான நடையே நல்லது. வளரும் குட்டிகளுக்கும் வயதான நாய்களுக்கும் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க வேண்டும். வயிறு நிறையத் தின்ற உடனே எந்த நாயையும் ஓடவிடாதீர்கள்.

கொடுப்பது சரியான அளவுதானா என்பதை நாயே காட்டிவிடும். வீடு திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டு, மூச்சிரைப்பு அடங்கி நிம்மதியாகப் படுத்தால் அளவு சரி. வழியில் பின்தங்கினாலோ, மறுநாள் காலையில் எழும்போது விறைப்பாக நடந்தாலோ, நொண்டினாலோ அளவு மீறிவிட்டது, குறைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்குப் பிறகும் நொண்டல் நீடித்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

செருப்பைக் கடித்ததற்காக அடிக்காதீர்கள். கடிப்பதற்கென்றே உள்ள உறுதியான பொம்மையைக் கொடுங்கள். மாலை நடையைத் தொடங்கிச் சில வாரங்களாகியும் பழக்கம் மாறவில்லை என்றால், வீட்டில் ஆளில்லாத நேரத்தில் மட்டும் கடிக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் தனிமை தரும் பதற்றம் காரணமாக இருக்கலாம். அதைக் கூடுதல் நடையால் மட்டும் தீர்க்க முடியாது, நாய்களின் நடத்தையை அறிந்த மருத்துவரின் உதவி தேவைப்படும்.