களிமண் கொல்லையில் காய்கறி: உரத்துக்கு முன் வடிகால்

வாசகர் கேள்வி: திருத்துறைப்பூண்டி அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். வீட்டுக் கொல்லையில் 3 சென்ட் இடம் இருக்கிறது, முழுவதும் களிமண். ஆடியில் விதைத்த கத்திரி, மிளகாய், வெண்டை எல்லாம் நன்றாகத்தான் வந்தன. ஐப்பசி மழை பிடித்ததும், பாத்தியில் ஈரம் இருக்கும்போதே கத்திரியும் மிளகாயும் தலை தொங்கி வாடிவிட்டன. சத்து போதவில்லை என்று நினைத்துச் சாணமும் கடலைப் புண்ணாக்கும் வைத்தோம். முன்னைவிட வேகமாகப் பட்டுப்போயின. கோடையில் போர் தண்ணீர் வேறு உப்புக் கரிக்கிறது. வீட்டுக்குத் தேவையான காயை எப்படி வளர்ப்பது?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், வேருக்குக் காற்று கிடைக்காததால்தான் செடிகள் பட்டுப்போயிருக்க வேண்டும். களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை; அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளியும் மிகச் சிறியது. மழைக்காலத்தில் அந்த இடைவெளி முழுவதையும் நீர் அடைத்துக்கொண்டால் வேர் சுவாசிக்க இயலாது. சுவாசிக்காத வேரால் நீரை உறிஞ்சவும் இயலாது. காலடியில் தண்ணீர் நிற்கும்போதே இலை வாடுவது இதனால்தான். அந்த நிலையில் சாணத்தையும் புண்ணாக்கையும் இட்டால், அவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் மிஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கின்றன. டெல்டாவில் கொல்லைத் தோட்டம் போடும் எவரும் உரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் வடிகாலைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஆயினும் ஒரு சோதனையைச் செய்துவிடுவது நல்லது. கத்திரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றைத் தாக்கும் பாக்டீரியா வாடல் நோயும் ஏறத்தாழ இதே தோற்றத்தில்தான் வரும். வாடிய செடியின் அடித்தண்டை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் மட்டும் நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். நோய் இருந்தால், சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெண்ணிறக் கசிவு மெல்லிய இழையாகக் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். இழை தெரிந்துவிட்டால் அந்தப் பாத்தியில் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குக் கத்திரிக் குடும்பப் பயிர் எதையும் வைக்காமல் கொத்தவரை, கீரை என்று மாற்றிக்கொள்ளுங்கள். கத்திரிதான் வேண்டும் என்றால், சுண்டைச் செடியின் மேல் ஒட்டுக்கட்டிய கத்திரி நாற்றைத் தேடி வாங்கி நடலாம். சுண்டையின் வேர் இந்த நோயையும் மிகையான ஈரத்தையும் கூடுதலாகத் தாங்கும். இழை எதுவும் வராமல், பிடுங்கிய வேர் பழுப்பேறி, விரலால் உருவினால் தோல் கழன்று வந்து, நாற்றம் அடித்தால் அது நீர் தேங்கியதால் வந்த அழுகல்தான்.

வடிகால் அமைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை அன்று. கனமழை பெய்யும்போது கொல்லையில் நின்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்று முதலில் கவனியுங்கள். நம் ஊர்களில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்து மனை தாழ்ந்துபோவதால், முன்பு வெளியே ஓடிய நீர் இப்போது கொல்லைக்குள் வந்து நிற்பதைப் பல வீடுகளில் காண்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், வேலியோரம் ஒரு வரப்பைப் போட்டு வெளித்தண்ணீரை நிறுத்திய பிறகே மற்ற வேலை. அடுத்தது மேட்டுப்பாத்தி. 3 அடி அகலத்தில் பாத்தியும், பாத்திகளுக்கு இடையே 1 அடி அகலமும் முக்கால் அடி ஆழமும் உள்ள வாய்க்காலும் எடுத்து, வெட்டிய மண்ணைப் பாத்தியிலேயே போட்டால், வாய்க்காலின் அடிக்கும் பாத்தியின் தலைக்கும் இடையே 1 அடி உயரம் கிடைத்துவிடும். பாத்தியை 3 அடிக்கு மேல் அகலமாக வைத்தால் நடுவே கை எட்டாமல் பாத்திக்குள் கால் வைக்க நேரும். ஈரக் களிமண்ணில் மிதிபட்ட இடம் அந்தப் பருவம் முழுவதும் இறுகியே கிடக்கும்.

இந்த வேலையைக் கோடை மழை ஒன்று பெய்து மண் பதத்துக்கு வந்ததும் செய்யுங்கள். ஒரு பிடி மண்ணை உருண்டையாகப் பிடித்துக் கட்டை விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். பிசைபட்டு விரலில் ஒட்டினால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

களிமண்ணைத் தளர்த்துவதற்கு ஆற்று மணலைக் கலப்பவர்கள் உண்டு. குளத்து வண்டலைக் கொண்டுவந்து கொட்டுபவர்களும் உண்டு. இரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை. மிக அதிக அளவில் சேர்த்தாலன்றி, மணலைக் களித்துகள்கள் சூழ்ந்துகொண்டு மண் மேலும் இறுகும். வண்டல், பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண் தோட்டங்களுக்கு மிக நல்லது. உங்கள் கொல்லைக்கு அது களியின் மேல் களி. உங்களுக்கு உதவக்கூடியவை நன்கு மக்கிய தொழுஉரம், இலைமக்கு, மக்கவைத்த தென்னை நார்க்கழிவு, கருக்கிய உமி ஆகியவை. இவற்றைக் கலந்து பாத்தியின் மேல் 2 அங்குலக் கனத்துக்குப் பரப்பி, அரை அடி ஆழம் வரை கொத்திவிடுங்கள். ஆண்டுதோறும் இதைச் செய்துவந்தால்தான் களிமண்ணின் குணம் மாறும். மக்காத வைக்கோலை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம். அது மக்கும் வரை செடிக்குரிய தழைச்சத்தை நுண்ணுயிர்கள் தம்மிடமே வைத்துக்கொள்ளும். வைக்கோலை மண்ணின் மேல் மூடாக்காகப் போடுங்கள்.

இனி, பட்டம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பொதுவாக நல்ல சொல்தான்; ஆனால் வடகிழக்குப் பருவமழையை முழுதாக வாங்கும் நம் பகுதியில், விதைக்கும் நாளோடு காய்க்கும் நாளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆடித் தொடக்கத்தில் ஊன்றிய வெண்டை ஏறத்தாழ 45 நாளில் காய்க்கத் தொடங்கி, பெருமழைக்குள் பெரும்பகுதிக் காயைத் தந்துவிடும். கத்திரிக்கோ நாற்றங்காலில் ஒரு மாதம், நட்ட பிறகு முதல் பறிப்புக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும் என்பதால், ஆடியில் விதைத்தால் முதல் காயும் ஐப்பசி மழையும் ஒன்றாக வந்து சேரும். ஆகவே கத்திரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றைக் கார்த்திகைக் கடைசியில் தொட்டியிலோ குழித்தட்டிலோ நாற்று விட்டு, மழை படாத தாழ்வாரத்து ஓரத்தில் வெயில் காட்டி வளர்த்து, தை பிறந்ததும் நடுங்கள். அவரையை மட்டும் ஆடியிலேயே ஊன்ற வேண்டும். பந்தல் அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும் என்பதால், மழையில் கொடி ஓடி, மார்கழிப் பனியில் காய்க்கத் தொடங்கும். குழியில் ஊன்றாமல் மண் குவித்த மேட்டில் ஊன்றினால் மழையைத் தாண்டிவிடும்.

புடலை, பீர்க்கு, பூசணி ஆகியவை தையில் வரட்டும். பூத்தும் பிஞ்சு நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை என்று பொருள். பெண் பூவின் அடியில் பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொடுங்கள். பூசணிப் பூ விடியற்காலையில் விரியும், பீர்க்கம்பூ மாலையில் விரியும், புடலம்பூ இருட்டிய பிறகே விரியும் என்பதை நினைவில் வைத்து நேரம் பார்த்துச் செய்ய வேண்டும்.

வாய்க்கால்கள் போய்ச் சேரும் தாழ்ந்த மூலையையும் பயன்படுத்தலாம். கழிவுநீர் கலக்காத இடமாக இருந்தால் சேப்பங்கிழங்கு, வள்ளைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை ஆகியவை அங்கே செழிப்பாக வரும். மற்றப் பாத்திகள் ஓய்ந்திருக்கும் கார்த்திகையில் வீட்டுக்குக் கீரை தருவது அந்த மூலைதான்.

பூச்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், கத்திரி வைப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நுனித்தண்டு மட்டும் தொங்கினால் அது தண்டுதுளைப்பான் புழு. வாடிய பகுதிக்குக் கீழே ஓர் அங்குலம் சேர்த்துக் கிள்ளி எரித்துவிடுங்கள். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 1 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்து வந்தால் பெரும்பாலான வீட்டுத் தோட்டங்களுக்குப் போதும்.

உப்புத் தண்ணீருக்கும் நீங்கள் எடுக்கும் வாய்க்காலே பாதி மருந்து. கோடையில் போர் தண்ணீர் மண்ணில் விட்டுச்செல்லும் உப்பை ஐப்பசி மழை கரைத்து வாய்க்கால் வழியே வெளியேற்றிவிடும். வடிகால் இல்லாத கொல்லையில் அந்த உப்பு அங்கேயே தங்கும். கோடையில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு, ஆழமாக நனையும்படி பாய்ச்சி, வைக்கோல் மூடாக்கு போடுங்கள். நீர் ஆவியாவது குறைந்தால் உப்பு மேலே ஏறுவதும் குறையும். யார் சொன்னாலும் மண்ணைப் பரிசோதிக்காமல் ஜிப்சம் போட வேண்டாம். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணைத்தான் திருத்தும். உவர் மண்ணில் அதனால் பயன் இல்லை, அங்கே நல்ல நீரால் உப்பைக் கழுவி வெளியேற்றுவதே வழி. நீடாமங்கலம் அல்லது சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி, மண்ணையும் போர் தண்ணீரையும் ஒரே நேரத்தில் பரிசோதிக்கக் கேளுங்கள். முடிவு வரும் வரை உப்பைச் சிறிதும் தாங்காத பீன்ஸை ஒதுக்கிவிட்டு, கோடைப் பாத்தியில் கொத்தவரையும் தட்டைப்பயறும் ஊன்றுங்கள்.