சிறு படகைத் தாக்க ராக்கெட்டா, குண்டா? கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி (தேவனாம்பட்டினம்): வேகமாக ஓடும் சிறு படகை விமானம் தாக்கும்போது, வழிகாட்டும் கருவி இல்லாத ராக்கெட், சாதாரணக் குண்டு ஆகிய இரண்டில் எதற்குக் குறி தப்புவது குறைவு?

பதில்: ராக்கெட்டுக்குத்தான். ஆயிரம் மீட்டர் உயரத்தில் நேராகப் பறக்கும் விமானம் விடுகிற குண்டு, காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், கடலைத் தொட 14 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதற்குள் மணிக்கு 30 கடல் மைல் வேகத்தில் ஓடும் படகு 200 மீட்டரைத் தாண்டிவிடும். ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏவப்படும் ராக்கெட்டோ இரண்டு, மூன்று விநாடிகளில் வந்துவிடுவதால், சுக்கானைத் திருப்பித் தப்பிக்கப் படகோட்டிக்கு அவகாசம் கிடைப்பதில்லை. விமானம் செங்குத்தாகப் பாய்ந்து தாழ்வில் குண்டை விடுமானால் இந்த வேறுபாடு வெகுவாகக் குறையும்.

கேள்வி (வீராம்பட்டினம்): அப்படியிருக்க, ராக்கெட்டுகளை ஏன் கொத்தாக ஏவுகிறார்கள்?

பதில்: ஒவ்வொன்றும் சிறிது விலகிச் செல்வதே காரணம். ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கு விலகினால், ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 6 மீட்டர் பிசகாகிவிடும். நம் ஊர் ஃபைபர் படகின் மொத்த நீளமே 30 அடி அளவுதான் என்பதை எண்ணிப் பாருங்கள். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. வால் இறக்கை கொண்ட ராக்கெட், விமானத்தின் மூக்கு காட்டும் திசையில் செல்வதில்லை; எதிர்க்காற்று வரும் திசைக்குத் தன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே விமானம் சற்றே பக்கவாட்டில் சறுக்கினாலும், குறிக்கண்ணாடியில் படகு சரியாக நடுவில் தெரிந்தும், ராக்கெட் வேறிடம் போய் விழும். மிக்-21 விமானத்தில் 57 மி.மீ. ராக்கெட்டுகளை 16 கொண்ட உறைகளாகப் பொருத்தியது இந்தச் சிதறலை ஈடுகட்டத்தான்.

கேள்வி (கடலூர் முதுநகர்): குண்டால் பயனே இல்லையா?

பதில்: உண்டு. அருகில் நீருக்குள் வெடிக்கும் பெரிய குண்டு, படகைத் தொடாமலே அடிப்பலகையைப் பிளந்துவிடும். சிறிய ராக்கெட்டுக்கு அந்த வலு கிடையாது. 1943 மார்ச்சில் பிஸ்மார்க் கடலில், நேச நாட்டு விமானிகள் மிகத் தாழப் பறந்து குண்டுகளை நீர்மேல் தத்தவிட்டு ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடித்தார்கள். ஆனால் பக்கச்சுவர் தாழ்ந்த சிறு படகை அத்தகைய குண்டு தாண்டிப் போய்விடக்கூடும் என்பது என் கருத்து.

கேள்வி (தேங்காய்த்திட்டு): ராக்கெட் நீரில் விழுந்தால் வீண்தானே?

பதில்: எப்போதும் அப்படியில்லை. பிரிட்டிஷார் பயன்படுத்திய திண்ம எஃகு முனை ராக்கெட், இலக்குக்குச் சற்று முன்னால் சாய்வாக நீரில் புகுந்தால், மேல்நோக்கி வளைந்து நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலின் உடலைத் துளைத்தது. 1943 மே 23 அன்று ஸ்வார்ட்ஃபிஷ் விமானம் யு-752 என்னும் ஜெர்மன் நீர்மூழ்கியை ராக்கெட்டால் வீழ்த்தியது.

கேள்வி (தேவனாம்பட்டினம்): மீன்பிடிப் படகையும் போர்ப்படகையும் மேலிருந்து பிரித்தறிய முடியுமா?

பதில்: எனக்கு மிகுந்த கவலை தருவது இதுவே. ஏவும் நேரத்தில் விமானி படகைப் பார்ப்பது சில விநாடிகள் மட்டுமே. 1971 டிசம்பர் 10 அன்று வங்கதேசத்தின் குல்னா அருகே, அந்நாட்டு விடுதலைப் படையான முக்தி வாகினியின் பத்மா, பலாஷ் என்னும் இரு படகுகளை எதிரியுடையவை என்று தவறாகக் கருதி, நம் விமானப்படை விமானங்களே தாக்கி அழித்தன. அங்கே குறி தப்பவில்லை.