பாட்டு நடத்துகிறவருக்கு இறையியல் எதற்கு?

"குரலும் பக்தியும் இருக்கிறது. ஆராதனையில் பாட்டு நடத்த இறையியல் (கடவுளைப் பற்றிய போதனைகளின் படிப்பு) வேறு படிக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சபையில் பெரியவர் யாரோ எதையோ திருத்தியிருக்கிறார், அது மனதில் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

எங்களுடையது திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. ஒரு பெரிய வெள்ளி, பகல் 12 முதல் 3 வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வாக்கியங்களான ஏழு திருமொழிகள் தியானம். நான்காம் திருமொழிச் செய்தி முடிந்ததும், அடுத்த பாட்டுக்கு முன் நான் ஜெபித்தேன்: "பிதாவே, எங்களுக்காக நீர் சிலுவையில் மரித்தீரே, ஸ்தோத்திரம்." மனம் உருகித்தான் சொன்னேன். சபையும் ஆமென் சொன்னது.

வெளியே வந்ததும் ஓய்வுபெற்ற உபதேசியார் (சபையில் வேதம் போதிக்கும் ஊழியர்) ஒருவர் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, பிதாவே மரிச்சாருன்னா, 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்'னு இயேசு யாரைக் கூப்பிட்டாரு?" அந்தக் கூக்குரல்தான் நான்காம் திருமொழி; அதைத்தான் சற்று முன் அரை மணி நேரம் தியானித்திருந்தோம்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அப்புறம் அவரே வீட்டுக்கு அழைத்து, காபி கொடுத்து விளக்கினார். தேவன் ஒருவரே, ஆனால் பிதா, குமாரனாகிய இயேசு, ஆவியானவர் என்று மூன்று ஆள்கள்; இதுதான் திரித்துவம். சிலுவையில் மரித்தவர் குமாரன், பிதா அல்ல. பிதாவும் குமாரனும் ஒரே ஆள்தான் என்று பிரக்சேயாஸ் என்பவர் போதித்தபோது, 'இவர் பிதாவைச் சிலுவையில் அறைந்தார்' என்று ஆதித் திருச்சபையின் இறையியல் எழுத்தாளர் தெர்த்துல்லியன் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டித்து எழுதியிருக்கிறார். வெறும் வார்த்தைச் சண்டை இல்லை இது. அனுப்புகிற பிதாவும் கீழ்ப்படிகிற குமாரனும் இல்லையென்றால், "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்று இயேசு சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் பிதாவிடம் செய்த ஜெபத்துக்கு அர்த்தமே இல்லை.

'தேவன் இருதயத்தைப் பார்க்கிறார், இலக்கணத்தை அல்ல' என்று சிலர் பதில் எழுதுவீர்கள். சரி, என் ஜெபத்தை அவர் தள்ளிவிட்டார் என்று நானும் சொல்லவில்லை. எல்லோரும் செமினரிக்குப் போங்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று எனக்குப் பின்னால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பிரசங்கம் மறந்துபோகும், பாட்டும் ஜெபமும் வாயில் நிற்கும். 'சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் போதித்து' என்று கொலோசெயர் 3:16இல் பவுல் எழுதியிருப்பதைப் பாருங்கள். பாடுவதே போதிப்பதுதான். கிறிஸ்தவக் கீர்த்தனைக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்தில் எழுத்து தெரியாத சனங்களுக்குக் கீர்த்தனைதான் வேதபாடம்.

    

நீங்கள் நிசேயா விசுவாசப் பிரமாணத்திலிருந்து (பிதா, குமாரன், ஆவியானவரைப் பற்றிய திருச்சபையின் பழைய விசுவாச அறிக்கை) தொடங்குங்கள். நற்கருணை ஞாயிறுகளில் சொல்வதுதான், வரி வரியாக நிதானமாக வாசியுங்கள். அப்புறம் ஒரு நோட்டில் ஒவ்வொரு வாரப் பாட்டுக்கும் பக்கத்தில், இது யாரை நோக்கிப் பாடுவது என்று எழுதிவையுங்கள்: பிதா, குமாரன், ஆவியானவர். நான் அப்படி எழுதிய முதல் மாதத்தில் ஆவியானவருக்கு ஒரு பாட்டுகூட இல்லை.